வில்லியம் ஹட்டின் கடைசி லியர்

கனடியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு விமர்சனம் எழுதுகிறவர் இன்று முதலில் சொல்வது, அதை எந்த அமெரிக்க நிறுவனம் வாங்கியது என்பதைத்தான். 2020இல் ‘ஷிட்ஸ் கிரீக்’ எம்மியின் ஏழு முக்கிய நகைச்சுவை விருதுகளையும் அள்ளிய பிறகு இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது. கேத்தரின் ஓஹாராவின் மொய்ராவுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் அந்நாட்டுத் தொலைக்காட்சி தொட்ட உச்சம் ஷேக்ஸ்பியர் நாடக விழாக் குழு ஒன்றின் கதையான ‘ஸ்லிங்ஸ் அண்ட் ஏரோஸ்’ தொடரின், 2006இல் வந்த மூன்றாம் பருவம்தான். அதிலும், மூத்த நடிகர் சார்ல்ஸ் கிங்மனாக வரும் வில்லியம் ஹட். அந்த உச்சம் வெளியூர்ச் சந்தையை நினைத்து எட்டப்பட்டதல்ல.

முதல் பருவமே சிறந்தது என்போர் உண்டு. ஹாம் ஏற்றி வந்த லாரி மோதிச் சாகும் விழா இயக்குநர் ஆலிவர், அவருடைய மண்டையோடே ‘ஹாம்லெட்’ நாடகத்தின் யோரிக் மண்டையோடாக மேடையேறுவது, லூக் கிர்பியின் நடுங்கும் ஹாம்லெட் என அவர்கள் கையில் வலுவான சான்றுகள் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் பருவத்தைத் தேர்ந்த வேறொரு குழுவும் நடித்திருக்க முடியும். மூன்றாம் பருவத்துக்கு ஹட்தான் வேண்டும். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஷேக்ஸ்பியர் நாடக விழா 1953இல் கூடாரத்தில் தொடங்கியபோதே அதில் இருந்தவர். அங்கே ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக ஒரு முறைக்கு மேல் நின்றவர். சாவு நெருங்கிய கிங்மன் கடைசியாக ஒரு லியர் கேட்கும்போது, கேட்பது பாத்திரமா நடிகரா என்று பிரிக்க முடிவதில்லை. அப்படியும் ஹட் இரக்கத்துக்காகக் கை நீட்டுவதில்லை. ஒத்திகையில் அவருடைய கிங்மன் கொடியவர். கோர்டீலியாவாக நடிக்கும் சோஃபியைச் சொல்லாலேயே சிதைக்கிறார். அந்தக் கொடுமையைக் கண்டிருப்பதால்தான் அவர் நினைவு தடுமாறும் இடங்களில் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

இது நாடகத்தைப் படம்பிடித்ததுதானே, புகழ் ஷேக்ஸ்பியருக்கல்லவா என்று கேட்கலாம். ஆயிரத்து எண்ணூறு பேர் அமரும் அரங்கை நிறைக்கப் பழகிய குரல் ஹட்டினுடையது. கதையில் பெரிய மேடை இசை நாடகத்துக்குப் போய்விட, தேவாலயத்தில் சிறு கூட்டத்துக்கு முன் லியர் அரங்கேறுகிறது. இயக்குநர் பீட்டர் வெலிங்டனின் கேமரா அங்கே முகத்தருகே நிற்கிறது. அரங்கின் கடைசி வரிசைக்கு என்றுமே எட்டாத கண்ணசைவு நமக்குக் கிடைக்கிறது. அது தொலைக்காட்சி தந்த கொடை.

பருவத்துக்கு ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம்: ஹாம்லெட், மேக்பெத், லியர். பருவத்துக்கு ஆறாக மொத்தம் பதினெட்டே அத்தியாயங்கள். இளமை, நடுவயது, முதுமை முடிந்ததும் எழுத்தாளர்கள் மூவரும் நிறுத்திக்கொண்டார்கள். இன்றோ அடுத்த பருவத்துக்கு வாசலைத் திறந்து வைக்காமல் ஒரு கதையும் முடிவதில்லை. வெளியூர்ச் சந்தையை நினைக்காத அந்தப் போக்கு நடிகர் தேர்விலும் தெரிகிறது. ஆலிவருக்குப் பின் விழாவை நடத்தும் ஜெஃப்ரியாக வரும் பால் கிராஸ், ஆலிவராக வரும் ஸ்டீபன் விமெட் இருவருமே ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹாம்லெட்டாக நடித்தவர்கள். ஹட்டின் கோர்டீலியா, சாரா பாலி. அவரை வளர்த்த தந்தை மைக்கேல் பாலியும் ஃபிராங்க் என்ற சிறு வேடத்தில் அதே குழுவில் இருக்கிறார். ஹட் 2007இல் மறைந்தார்.