நிறமும் மெய்ப்பாடும்: இணையப் பக்க வண்ணக் கொள்கை பற்றிய ஒரு மதிப்பீடு

கண்ணாற் காணும் நிறம் உள்ளத்தில் உணர்வை எழுப்பும் என்பது யாவரும் ஒப்பும் உண்மை. இன்ன நிறம் இன்ன உணர்வைத் தப்பாது எழுப்பும் என்பது அதனின் வேறாய கூற்று. இணையப் பக்கங்களை வடிவமைப்போர்க்கென எழுதப்படும் கைந்நூல்கள் பல, முன்னதைக் காட்டிப் பின்னதையும் நிறுவிவிட்டதாகக் கொள்கின்றன. நீலம் நம்பிக்கை தரும். சிவப்பு விரைவை ஊட்டும். மஞ்சள் மகிழ்ச்சி விளைக்கும். பச்சை அமைதி நல்கும் என அட்டவணை வகுத்து, அதன்படியே பக்கத்தை அமைக்க என விதிக்கின்றன. இவ்வட்டவணை எத்துணை வலியுடையது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறிவரும் இந்நாளில், இஃது அயலார் வினா என நாம் ஒதுக்கிவிடல் இயலாது.

கொள்கையின் தோற்றம்

1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நியூட்டன், நிறத்தை ஒளிக்கதிரின் விலகலோடு இயைத்து விளக்கினார். அவ்விளக்கத்தை ஏலாத செருமானியப் புலவர் கதே, 1810-இல் தாம் வெளியிட்ட நிறக்கோட்பாட்டு நூலில், நிறம் உள்ளத்தில் விளைக்கும் பயனுக்கெனத் தனியே ஒரு பகுதி வகுத்தார். மஞ்சள் வெம்மையுணர்வையும் நீலம் தண்மையுணர்வையும் தரும் என்றார். எனினும், தூய்மையான மஞ்சள் இனியதாயினும், அதுவே முரட்டுத் துணியில் ஏறி மங்கியவிடத்து வெறுப்பூட்டும் என்றும் அவரே கூறிப் போந்தார். நிறத்தின் பயன் அது சார்ந்த பொருளையும் பொறுத்தது என்பது அவர்க்கும் உடன்பாடே என இதனால் அறியலாம். பின்வந்த கைந்நூலார் அவர் முடிபைக் கைக்கொண்டு, அதற்கு அவர் இட்ட வரம்பைக் கைவிட்டனர்.

உரியியல் காட்டும் நெறி

நிறத்திற்கும் உணர்விற்கும் உள்ள தொடர்பைத் தமிழிலக்கணமும் கண்டுள்ளது. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் இரண்டும் வெகுளிப்பொருள் தருவன என உரியியலில் கூறும் தொல்காப்பியர், அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என அடுத்த நூற்பாவிற் கூறுகின்றார். நிறம் இரண்டு, மெய்ப்பாடு ஒன்று. ஒரு நிறத்திற்கு ஒரே உணர்வு எனக் கட்டும் அட்டவணையில் இதற்கு இடமில்லை.

இனி, ஒரு நிறம் மாறுபட்ட உணர்வுகளைக் குறித்தலும் உண்டு. சங்க அகப்பாடல்களில் தலைவியின் பிரிவுத்துயரைக் காட்டும் பசலை, பீர்க்கம் பூவோடும் பொன்னோடும் உவமிக்கப்படுகின்றது. மணவிழாவில் மஞ்சள் தோய்ந்த நாணோ மங்கலம். மஞ்சளைத் துயரில் வைப்பதா, மகிழ்ச்சியில் வைப்பதா? நிறங்களின் எல்லைதானும் எங்கும் ஒருபடித்தன்று. திருமாலின் மேனியைக் கரிது என்றும், நீலம் என்றும், பச்சை என்றும் கூறுதல் நம் மரபு.

இவை சொல்லின் இயல்பேயன்றிக் கண்ணின் இயல்பு அல்ல என ஒருவர் தடை நிகழ்த்தலாம். அதற்கு விடை திரையிலேயே உளது. பங்குச் சந்தை விலைகளைக் காட்டும் பக்கங்களில், அமெரிக்காவில் ஏற்றத்திற்குப் பச்சையும் இறக்கத்திற்குச் சிவப்பும் வழங்குகின்றன. சீனத்திலோ ஏற்றம் சிவப்பு, இறக்கம் பச்சை. கண் ஒன்றே; காணும் செய்தியும் ஒன்றே. வேறுபட்டது மரபு.

பழக்கத்தின் ஆட்சி

1993-இல் வெளிவந்த மொசைக் என்னும் உலாவி, திறந்து காணாத இணைப்பிற்கு நீலத்தையும் கண்ட இணைப்பிற்கு ஊதாவையும் வழங்கியது. இன்று நீலச்சொல்லைக் கண்டதும் நம் விரல் அதனை நாடுவது, நீலம் நம்பிக்கை ஊட்டுவதால் அன்று. அஃது இணைப்பு என்பதைப் பழக்கத்தால் அறிந்தமையாலேயே. கூகுள் நிறுவனத்தினின்று 2009-இல் விலகிய வடிவமைப்பாளர் ஒருவர், இரு நீலங்களுள் ஒன்றைத் துணிய மாட்டாது அவற்றிற்கு இடைப்பட்ட 41 சாயல்களை ஆங்குச் சோதித்தமையை எழுதியுள்ளார். நீலம் என்பதற்குப் பொருள் ஒன்றே எனின், 41 சாயல்களைச் சோதிப்பதற்குத் தேவை யாது? மேலும், அத்தகைய சோதனை விரல் அழுத்தியதை எண்ணுமேயன்றி, உள்ளம் உணர்ந்ததை அளக்காது.

முதற்கண் வேண்டுவது

அங்ஙனமாயின் நிறம் பற்றி உறுதியாகக் கூறத்தக்கது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. எழுத்திற்கும் பின்புலத்திற்கும் இடையேயுள்ள ஒளிர்வு விகிதம், இடைநிலைத் தகுதி பெறுதற்கு, இயல்பான எழுத்தாயின் 4.5:1, பெரிய எழுத்தாயின் 3:1 என்னும் அளவிற் குறைதல் ஆகாது என உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வரையறுத்தது. ஒரு செய்தியை நிறத்தால் மட்டுமே உணர்த்தலாகாது என்றும் விதித்தது. வட ஐரோப்பிய வழியினரான ஆடவருள் நூற்றுக்கு எண்மர் அளவினர் நிறப்பார்வைக் குறை உடையர் என்பதை நோக்க, இவ்விதியின் இன்றியமையாமை விளங்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இது மேலும் இன்றியமையாதது. வெண்மையான பின்புலத்தில் வெளிர்சாம்பல் எழுத்து கண்ணுக்கு அமைதி தரும் எனக் கருதி அமைத்தால், முதலில் மறைவது புள்ளியே. புள்ளி மறையின் மெய் உயிர்மெய்யாகத் தோன்றும், பாடம் பிறழும். ஏட்டுச் சுவடிகளிற் புள்ளி இடப்படாமையால் பதிப்பாசிரியர் உற்ற இடர்ப்பாடு நாம் அறிந்ததே. ஓலையில் இல்லாத புள்ளியை அவர்கள் அரிதின் முயன்று அச்சிற் கொணர்ந்தனர். அதனை அழகு கருதித் திரையில் நாம் இழத்தல் தகுமோ?

ஆதலின், ஓர் இணையப் பக்கத்தின் நிறத்தை மதிப்பிடுவோர் முதற்கண் எழுத்துத் தெளிவையும், அடுத்துப் படிப்போரின் மரபையும் பழக்கத்தையும், இறுதியில் உணர்வையும் ஆராய்தல் வேண்டும். அட்டவணையார் இறுதியில் வைக்கத்தக்கதை முதலில் வைத்தனர். அவர் கொள்கையின் பிழை, நிறம் உள்ளத்தைத் தொடும் என்றதில் இல்லை. இடமும் மரபும் நோக்காமலே தொடும் என்றதில் உள்ளது.