‘பிரிவு’ என்னும் சொல்லும் தஞ்சைக் கோயில்களும்

சமயமும் அரசும் பிரிந்து நிற்றல் என்னும் கோட்பாடு, ஒரு தலைமைக்கு உட்பட்ட திருச்சபை அரசோடு எதிர்நின்ற மேனாட்டிலே தோன்றியது. கோயில்தோறும் தனியாட்சி நிலவிய சோழநாட்டிற்கு அச்சொல்லை அவ்வாறே பொருத்துவார், எதனின்று எது பிரிந்தது என்பதை முதற்கண் உரைத்தல் வேண்டும்.

இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகளை நோக்குக. கோயிற்காசு ஊர்ச்சபைகளுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 12½ வட்டிக்குக் கொடுக்கப்பெற்றது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குப் பங்கு ஒன்றுக்கு நூறு கலம் நெல் வகுக்கப்பெற்றது. வழிபாடும் வேளாண்மையும் ஒரே கணக்கில் அடங்கின; அக்கணக்கும் எல்லாரும் காணக் கல்லில் நின்றது. (பிற்கால அறங்காவலர் பலர்க்கு இத்துணிவு வாய்த்திலது.)

கும்பினியார் 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதியால் கோயிற்சொத்தை மேற்பார்த்தனர். கிறித்தவ சமயப் பணியாளர் கண்டித்தமையால் பின்னர் விலகினர். 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலகலை உறுதி செய்தது. இதனைப் பிரிவு எனப் போற்றுவாரோடு யாம் உடன்படோம். அன்று பெரிதும் நீங்கியது கணக்கின் மேற்பார்வையே. 1925-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் எழுந்ததும் அக்குறை பற்றியே.

அரசியலமைப்பின் 26-ஆம் உறுப்பு, சமயச் செயலை ஒருபுறமும் சொத்தாட்சியை மறுபுறமும் வைக்கின்றது. ஆகவே ஈண்டுள்ள கோடு கோயிலுக்கும் அரசுக்கும் இடையிலன்று. கருவறைக்கும் களஞ்சியத்திற்கும் இடையிலுள்ளது. அக்கோடு தெளிவானதென்றும் கூறுதற்கில்லை. அருச்சகர் நியமனம் உலகியற்செயலே என 1972-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆகமம் விலக்குவோரை நியமித்தல் ஆகாது என்றும் கூறிற்று. ஆகமத்தின் பொருளை உரைப்பவர் யாவர் என்னும் வினா அரசின் வாயிலிலேயே மீண்டும் வந்து நிற்கின்றது.