பட்டம் பெற்ற பிள்ளையும் இரு தந்தையரும்

மலரின் இலக்கியப் பகுதியில் திரைப்படத்தை ஆராய்வது முறையா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். டில்லிக்குப் பிழைக்க வந்த படித்த தமிழனின் பசியை, நாம் படித்த கதைகளைக் காட்டிலும் அழுத்தமாகச் சொன்னது ஒரு படம்தான் என்பதே நம் விடை. 1980-இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' அது.

கதையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ரங்கன் படித்தவன், பாரதியாரை மனப்பாடமாய் அறிந்தவன், இசைவாணரான தந்தையோடு பிணங்கித் தலைநகரில் வேலை தேடி அலைபவன். கமல்ஹாசன் ரங்கனாகவும் பூர்ணம் விசுவநாதன் தந்தையாகவும் நடித்தனர். பூர்ணம் நம் டில்லிக்கு அந்நியர் அல்லர்; இங்குள்ள அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர்.

படத்தின் சிகரம் அந்தச் சமையலறைக் காட்சி. வீட்டுக்கு வந்த பெண்ணிடம் பசியை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், நண்பர்கள் உள்ளே சென்று வெறும் பாத்திரங்களை வைத்துக்கொண்டு உண்பது போல ஓசை எழுப்புகின்றனர். இக்காட்சியைக் கண்டு அரங்கில் பலர் சிரித்ததுண்டு. நாம் சிரிக்கவில்லை. 'இங்கு யாவரும் நலம், கவலை வேண்டாம்' என்று ஊருக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த ஓசை புதிதன்று.

ஆயின் முடிவில் நமக்கு உடன்பாடில்லை. ரங்கன் முடிதிருத்தும் நிலையத்தில் பணியேற்கிறான். தந்தை அங்கேயே அவனைக் காண்கிறார். உழைப்பில் இழிவில்லை என்ற கருத்து உயர்ந்ததே. ஆனால் அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன், முட்டி மோதிப் பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல் மீண்டும் அதே கத்தரிக்கோலை எடுக்க நேர்ந்தால், அதையும் வெற்றி என்று கைதட்டுவோமா? ரங்கனுக்குப் புரட்சியாகத் தோன்றுவது அவனுக்குத் தோல்வி. இந்த வேறுபாட்டை இயக்குநர் எண்ணிப்பார்க்கவில்லை. மேலும் ரங்கன் நேர்முகத் தேர்வுகளில் தோற்பதற்கு அவனுடைய சினமும் ஒரு காரணமாகக் காட்டப்படுவதால், சற்றே பணிவாய் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்குமோ என்ற ஐயமும் எழுகிறது.

அந்த ஐயத்துக்கு இடம் வைக்காத படம் ஒன்றுண்டு. சங்கரின் வங்க நாவலைத் தழுவி சத்யஜித் ராய் எடுத்து 1976-இல் வெளிவந்த 'ஜன ஆரண்யா'. அதன் நாயகன் சோம்நாத் பணிவானவன். நேர்முகத் தேர்வில் சந்திரனின் எடை என்னவென்று அவனைக் கேட்கிறார்கள்! அவன் தரகனாகிறான், இறுதியில் ஓர் ஆர்டருக்காகத் தன் நண்பனின் தங்கையையே வாடிக்கையாளரிடம் அழைத்துச் செல்கிறான். வீட்டில் காத்திருக்கும் தந்தை, ஆர்டர் கிடைத்தது என்று கேட்டு நிம்மதி அடைகிறார். கொடுத்த விலை அவருக்குத் தெரியாது. ரங்கனின் தந்தை கண்ணால் கண்டு கலங்குகிறார். சோம்நாத்தின் தந்தையோ அறியாமல் மகிழ்கிறார். இரண்டாவதே நம்மை உறங்கவிடாதது.

பழைய படங்கள், பழைய காலம் என்று ஒதுக்க இயலவில்லை. 2015-இல் உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலகத்தில் 368 பியூன் பணியிடங்களுக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். கேட்ட தகுதி ஐந்தாம் வகுப்பும் சைக்கிள் ஓட்டத் தெரிவதும். விண்ணப்பித்தவர்களில் 255 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அலுவலகக் கோப்புகளோடு வாழும் நமக்கு, அந்த விண்ணப்பக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிய குமாஸ்தாவின் முகமே நினைவில் எழுகிறது. அவர் பி.ஏ. படித்திருப்பாரோ, என்னவோ.

இவ்விரு படங்களையும் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். முதலில் தமிழ்ப் படம், பிறகு வங்கப் படம். வரிசை மாறினால் தமிழ்ப் படத்தின் முடிவு இனிப்புப் பண்டம் போலாகிவிடும்.

நண்பர் ஒருவரின் மகன் முனைவர் பட்டம் பெற்று மூன்றாண்டுகள் ஆயின. பொங்கல் விழாவில் அவரிடம், பையன் எங்கே இருக்கிறான் என்று வழக்கம்போல் விசாரித்தோம். "மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறான்" என்றார். முனைவர் பட்டத்துக்கு மேற்கொண்டு என்ன படிப்பு என்று நாம் கேட்கவில்லை. அவரும் சர்க்கரைப் பொங்கல் வாங்கப் போய்விட்டார்.