தளம் காலியானாலும் அதே பாட்டு

டானா கார்ட்னர் பாடிய ‘ஹார்ட்பீட்’ 1981-இல் வெளிவந்தது. டிஸ்கோ என்றால் நிமிடத்துக்கு 120 அடி என்று கால்கள் பழகிப்போயிருந்த காலம் அது. இந்தப் பாட்டோ நூறை ஒட்டித் தவழும். நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் என்ற கிளப்பில் டி.ஜே. லாரி லெவான் இதை முதன்முதலாகப் போட்டபோது, ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே தளத்தைக் காலி செய்துவிட்டு ஏதாவது சாப்பிடலாம் என்று நகர்ந்துவிட்டது. இன்னொரு டி.ஜே.யாக இருந்தால் கை நடுங்கி அடுத்த தட்டைத் தேடியிருப்பார். லெவான் அடுத்த வாரமும் அதையே போட்டார். அதற்கடுத்த வாரமும் போட்டார். கொஞ்ச நாளில் அதன் முதல் பேஸ் ஒலி கேட்டதுமே ஜனங்கள் தளத்துக்கு ஓடி வந்தார்கள் என்று, அதைப் பார்த்த சக டி.ஜே. பிரான்ஸ்வா கெவோர்க்கியன் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாட்டின் கிளப் வடிவத்தைக் கலந்து கொடுத்தவரே லெவான்தான். அதனால் சொந்தச் சரக்கை விற்றார் என்று குறும்பாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. கூட்டம் கேட்பதைக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கல்யாண வரவேற்புகளில் அவர்களுக்கு நல்ல கிராக்கியும் உண்டு. கூட்டத்துக்கு இன்னும் தோன்றாத ஆசைக்காகக் காத்திருக்க நெஞ்சுரம் வேண்டும். ஒரு காலித் தளத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற நெஞ்சுரம் அது.

இடம், மன்ஹாட்டன் தீவின் கிங் தெருவில் 84-ஆம் எண். கார் நிறுத்தும் கட்டடம்தான். கார்கள் ஏறிப்போன சாய்தளத்தில் விளக்கு வைத்து, அதையே கிளப்பின் நுழைவழி ஆக்கியிருந்தார் உரிமையாளர் மைக்கேல் பிராடி. 1977-இல் அரைகுறை வேலையோடு விருந்துகள் தொடங்கின. 1987 செப்டம்பரில் மூடினார்கள். மதுக்கடை கிடையாது, பழம், பழச்சாறு, தண்ணீர். உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சனிக்கிழமை இரவுக் கூட்டத்தில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஓரினக் காதலர்கள். மற்ற கிளப்புகளில் வாசல்காவலர் முகம் பார்த்து உள்ளே விட்ட காலத்தில், பகலெல்லாம் யாராவது ஒருவர் முறைத்துப் பார்க்கும் ஊரில், வாரத்தில் ஓரிரவு யாரும் முறைக்காத இரண்டாயிரம் பேர் நடுவே இருப்பது எப்படி இருந்திருக்கும்! டி.ஜே. சோதித்துப் பார்த்தாலும் பொறுத்துக்கொள்ளும் கூட்டம் அப்படித்தான் உருவாகிறது. எங்கோ போனாலும் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று லெவானுக்குத் தெரியும், வேறெங்கே போவார்கள்?

நான் அங்கே ஆடியவனில்லை. மூடிப்போன பிறகுதான் அதன் பெயரே என் காதில் விழுந்தது. ஆனால் 1979-இல் அங்கே பதிவான இசை 2000-இல் குறுந்தகடாக வெளிவந்தது. அதை ஹெட்போனில் கேட்டபோது, இதற்கா இவ்வளவு புகழ் என்று இருந்தது. நண்பர் ஒருவர் வீட்டில், ஆள் உயர ஸ்பீக்கர்களில், தரையில் காலை ஊன்றி நின்று கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. காதுக்கு வந்தது பாட்டு. முழங்காலுக்கு வந்தது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஒன்றை அமைத்துக் கொடுத்தவர் ரிச்சர்ட் லாங் என்ற ஒலிப் பொறியாளர். நொடிக்கு 40 அதிர்வு கொண்ட ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளம். வீட்டு அறைக்குள் அது முழுசாகக் கால் நீட்டக்கூட இடமில்லை. கார்கள் நின்ற கூடத்தில் இடம் இருந்தது. லாங் அங்கே பிரமாண்டமான கொம்பு வடிவ பேஸ் பெட்டிகளை வைத்தார். அந்த வகைப் பெட்டிக்கு லெவான் பெயரே நிலைத்துவிட்டது. கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்கள் மேற்கூரையிலிருந்து தொங்கின. டேவிட் மன்குசோ 1970 முதல் தன் வீட்டிலேயே நடத்திவந்த ‘லாஃப்ட்’ விருந்துகளில் பிறந்த யோசனை அது. லெவான் பதின்ம வயதில் ஆடக் கற்ற இடமும் அதுவே. பேஸ், நடுவொலி, உச்சவொலி மூன்றையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் டி.ஜே. கூண்டிலேயே வசதி இருந்தது. சத்தம் கடுமை, ஆனால் சிதைவில்லாத சத்தம். பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடிந்தது என்கிறார்கள் போய்வந்தவர்கள். இன்றைய கல்யாண மண்டபங்களில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் சாம்பார் கேட்கக் கையை ஆட்ட வேண்டியிருப்பதை நினைத்துக்கொண்டேன்.

லெவான் இந்தக் கருவியைத்தான் வாசித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. இசைத்தட்டுகள் அதற்கு ஒரு சாக்கு. இரவின் தொடக்கத்தில் டர்ன்டேபிளில் சுமாரான கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) மாட்டியிருப்பாராம்; இரவு ஏற ஏற அதைவிட நல்லதாக மாற்றிக்கொண்டே போவாராம். ஏன் திடீரென்று எல்லாம் தெளிவாகக் கேட்கிறது என்று ஆடுகிறவனுக்குத் தெரியாது. விடிகாலையில் உடம்பு மட்டும் தெரிந்துகொள்ளும். ஒரு பாட்டில் பேஸை முழுக்க உருவிவிட்டு, பாடகியின் குரலையும் கைத்தட்டலையும் மட்டும் அந்தரத்தில் விட்டு, கூட்டம் கத்தத் தொடங்கும்வரை காத்திருந்து, பிறகு பேஸைத் திறந்துவிடுவது இன்று ஊர் ஊராக எல்லா டி.ஜே.யும் செய்கிற வித்தை. பெரும்பாலோர் நான்காவது எண்ணிக்கையில் திறந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பழகிய காதுக்கு அது எப்போது வரும் என்று முன்பே தெரிந்துவிடும். காத்திருப்பின் நீளத்தில்தான் ரசனை இருக்கிறது. லெவான் விளக்கை எல்லாம் அணைத்து, கும்மிருட்டில், கூட்டத்தை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்.

இணைப்பு விஷயத்தில் அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஒரு பாட்டின் அடியும் அடுத்ததன் அடியும் பிசிறில்லாமல் பொருந்த வேண்டும் என்பது டி.ஜே. பாலபாடம். லெவானின் இணைப்புகள் சில நேரம் தடுக்கும். ஒரு பாட்டு முடிந்து வெறும் மௌனம் கிடக்கும். மிதமாக ஓடிக்கொண்டிருக்கும் இரவின் நடுவே ஏணியைப் போட்டு, தொங்கும் கண்ணாடி உருண்டையைத் துடைக்கப் போய்விடுவாராம். மேலே இருந்து பார்த்தபோது அது அழுக்காகத் தெரிந்ததுதான் காரணம். இதை மேதைமை என்று உருகுவதற்கு நான் தயாரில்லை. ஏணியைச் சுற்றி ஆடிய கூட்டத்துக்குத்தான் என் வணக்கம். ஆனால் பொருத்துவது இன்று கணினி ஒரு பொத்தானில் செய்துவிடும் வேலை. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, எத்தனை நேரம், எவ்வளவு பேஸோடு என்பதற்கு இன்னும் பொத்தான் வரவில்லை. அதனால் அவருடைய தடுக்கல்கள் எனக்குப் பெரிதாக உறுத்துவதில்லை.

அவர் நம்பியிருந்த பண்டம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: 12 அங்குல சிங்கிள். கடைகளில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள், டபுள் எக்ஸ்போஷரின் ‘டென் பர்சென்ட்’, 1976-இல் வந்தது. அகலமான தட்டில் ஒரே பாட்டு என்பதால் பள்ளங்களை விலக்கி வெட்டலாம்; பேஸுக்கு இடம் கிடைக்கும்; பாட்டையும் நீட்டலாம். ரேடியோவுக்கான மூன்று நிமிடப் பாட்டில் நடனக்காரர் விரும்புவது பதினைந்து விநாடி இருக்கும். 12 அங்குலத் தட்டு அந்தப் பதினைந்து விநாடியை ஊராக்கிக் கொடுத்தது. ‘ஹார்ட்பீட்’ பத்து நிமிடத்தை நெருங்குவதும் இதனால்தான். கார்மைன் தெருவில் வினைல் மேனியா என்ற கடை பக்கத்திலேயே இருந்தது. இரவில் கராஜில் கேட்டதை அங்கே போய் வாங்குவார்கள். WBLS வானொலியின் பிரான்கி கிராக்கர் கிளப்புக்கே வந்து கேட்டு, தன் நிகழ்ச்சியில் ஒலிபரப்பினார். விற்பனைக் கணக்குகள் பார்த்துத் தட்டு போடும் இன்றைய நடைமுறைக்கு நேர் எதிரான ஓட்டம்.

கடைசி ஆண்டுகள் நல்லபடி போகவில்லை. போதைப்பழக்கம் லெவானைத் தின்றது. எய்ட்ஸ் அந்தத் தளத்தையே தின்றது. லாங் 1986-இல் போனார். குத்தகை முடிந்து கிளப் மூடிய அதே ஆண்டின் இறுதியில் பிராடியும் போனார். லெவான் 1992-இல், 38 வயதில். அவரோடு சேர்ந்து வளர்ந்த ஃபிரான்கி நக்கிள்ஸ் 1977-இலேயே சிகாகோவுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே வேர்ஹவுஸ் கிளப்புக்கு முதலில் அழைக்கப்பட்டவர் லெவான், அவர் மறுத்ததால்தான் நக்கிள்ஸ் போனார். ஹவுஸ் என்று இன்று உலகம் ஆடுகிற இசை அந்த மறுப்பிலிருந்து கிளம்பியது.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் ‘ஹார்ட்பீட்’டின் சுருக்கப்பட்ட வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள், கிளப் வடிவம் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். பிறகு பீச் பாய்ஸ் (Peech Boys) குழுவின் ‘டோன்ட் மேக் மீ வெயிட்’, 1982. குவென் கத்ரியின் ‘பேட்லாக்’ மூன்றாவதாக. கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றுமில்லையே என்று என்னிடம் வரக் கூடாது. பக்கத்து வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து, பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கும் யாரையாவது சிநேகம் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காது. பொறுங்கள், பேஸ் வரும்.