விலாசம் விட்ட பெயர்

உணவகப் பெயர்களில் வரும் 'விலாஸ்' என்பதனை வெற்றாரவாரச் சொல்லென ஒதுக்குவோர் உளர். அக்கருத்து ஆராயத்தக்கது. வடமொழியில் விலாசம் என்பது விளையாட்டு, களிப்பு எனப் பொருள்படும். தமிழிலோ அது முகவரியையும் குறிக்கும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார், தம் கடைக்குரிய எழுத்துக்குறியையும் விலாசம் என்றே வழங்கினர்.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் 1947இல் கோமள விலாஸ் தோன்றியது. முருகையா ராஜு, தாம் பணியாற்றிய உணவகத்தை வாங்கிப் பழைய முதலாளியின் துணைவியார் பெயரை அதற்கு இட்டார். ஆகவே, கோமளம் என்பது நன்றியறிதலையும், விலாஸ் என்பது கடையையும் சுட்டின எனக் கொள்ளலாம்.

1990களில் நிறுவனர் குடும்பத்தார் தொடங்கிய விரைவுணவுத் தொடரோ 'கோமளாஸ்' எனப்பட்டது. விலாஸ் நீங்கியது, ஆங்கில வேற்றுமை உருபு வந்து ஒட்டியது. 'கோமளாவினுடைய' என்றால், எது என்னும் வினா எழுகின்றது. பெயரில் அதற்கு விடை இல்லை. கிளை பல ஆகுங்கால் பெயர் குறுகுதல் வணிகத்திற்கு எளிது. ஆயினும் குறுகியது ஓசை மட்டுமன்று, பொருளுமாகும்.

அத்தொடரின் சிங்கப்பூர்க் கிளைகள் 2019இல் மூடப்பட்டன. அதற்குப் பெயரே காரணம் எனல் பொருந்தாது. எனினும் 'விலாஸ்' வீண்சொல் அன்று என்பதற்கு இவ்விரு பெயர்களுமே சான்றாம்.