செஞ்சோற்றுக் கடனும் நிலமும் : முல்க்ராஜ் ஆனந்தின் போர்ப் புதினம்

வேந்தன் இட்ட சோற்றுக்கு உயிரை ஈடாகத் தருவதைச் செஞ்சோற்றுக் கடன் என்பது தமிழ் மரபு. பிரித்தானிய இந்தியப் படையிலும் உண்ட உப்புக்கு உண்மையாயிருத்தல் என்னும் அறமே போற்றப்பட்டது. 1940இல் வெளிவந்த முல்க்ராஜ் ஆனந்தின் 'அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினம் இவ்வறத்தை வினாவுக்கு உட்படுத்துகிறது.

பஞ்சாப் உழவர் குடியில் பிறந்த லாலு, பொய்ப்பழிக்கும் சிறைக்கும் அஞ்சி ஊரைவிட்டு நீங்கிப் படையில் சேர்ந்தவன் என்பதை முத்தொகுதியின் முதற் புதினம் (1939) கூறும். 1914இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கும் அவன் உள்ளத்தில் நிற்பது பேரரசன் அல்லன். குடும்பம் இழந்த நிலமே. படைத்தொண்டுக்கு நிலம் வழங்கும் வழக்கம் அன்றைய பஞ்சாபில் இருந்தமையின் அவ்வெண்ணம் வெறுங்கனவன்று. ஆயினும் பிளாண்டர்சில் அவனுக்குக் கிட்டியது பதுங்குகுழிச் சேறே. உழவன் நாடிய மண்ணே அவன் தோழர்க்குப் புதைகுழியாகும் இம்முரண் புதினத்தின் உயிர்நிலை எனலாம்.

இதனைப் போரெதிர்ப்புப் புதினம் என்று மட்டும் கூறியமைதல் போதாது. கடன் ஒருவழிப்பட்டதாக நின்றதே ஆனந்த் சுட்டும் குறை. இறுதிப் புதினத்தில் (1942) ஜெர்மானியச் சிறையிலிருந்து மீளும் லாலுவுக்கு நிலம் கிட்டவில்லை. உண்ட சோற்றுக்கு வீரன் கடன்பட்டவன் எனில், அவன் சிந்திய குருதிக்கு அரசும் கடன்பட்டதன்றோ?