புளூஹர் எப்போது வருவார்?

வாட்டர்லூ போரை ஓர் ஆட்டமாக மேசைமேல் விரித்தாயிற்று. பச்சைத் துணிக்கடியில் புத்தகங்களைச் செருகினால் மேடு. தீப்பெட்டி அளவு அட்டை வீடுதான் ஊகுமோன் பண்ணை. வெள்ளோட்டம் என்பதால் ஜெயிப்பதில் யாருக்கும் அக்கறையில்லை, விதி எங்கே இடறுகிறது என்பதில்தான் கண். 1815 ஜூன் 18 அன்று புளூஹரின் பிரஷ்யப் படை பிளான்செனுவா பக்கம் தலைகாட்டியது மாலை 4:30 வாக்கில். நாங்கள் அதைப் பகடைக்கு விட்டோம். முதல் ஆட்டத்தில் மதியமே வந்து நெப்போலியனை நசுக்கிவிட்டார்கள்; அடுத்ததில் வரவேயில்லை (பகடைக்கு வரலாறு தெரியாது, பாவம்). மூன்றாவதில் சேற்றுக்கென்று ஒரு விதி சேர்த்தோம்: முந்தின இரவு மழை, பீரங்கியை இழுப்பது பெரும்பாடு, குண்டு எகிறாமல் மண்ணில் புதையும். ஆட்டத்துக்குச் சட்டென்று உயிர் வந்தது. பிரஷ்யரின் கூட்டாளி வெலிங்டனாக உட்கார்ந்த நண்பர் நகம் கடித்தபடி மேசையின் கிழக்கு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காபியில் ஏடு படிந்துவிட்டது.